எடைச் சீட்டில் இரட்டை எண்: ஓர் அரிசி ஆலையின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பழுதுபார்த்த பதிவு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் நெல் லாரிகள் சாலையில் வரிசைகட்டி நிற்பது டெல்டாக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. கேட் திறந்ததும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி, சில நிமிடங்களில் ஆலை வாசலில் அடுத்தடுத்து வந்து நிற்கும். அந்தப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் எடைச் சீட்டு நிரல் கோளாறு செய்ததும் பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான். சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் தை, மாசியில் அடிக்கடி. மற்ற மாதங்களில் அபூர்வமாக. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், இரண்டு வேலைகள் ஒன்றின் குறுக்கே ஒன்று புகுந்துவிட்டன என்பதுதான்.

ஆலைக்கு இரண்டு வழிகள். சாலைப் பக்கம் லாரிகள் நுழையும். வாய்க்கால் கரைப் பக்கம் சுற்று வட்டார ஊர்களிலிருந்து டிராக்டர்கள் வரும். இரண்டு வழியிலும் ஆளுக்கொரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். வண்டி எண், விவசாயியின் பெயர், நெல் ரகம் மூன்றையும் பதிந்து பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு எண் வரும். எடை மேடை ஒன்றுதான். நெல்லோடு நிறுத்தினால் மொத்த எடை, இறக்கிவிட்டு நிறுத்தினால் காலி எடை, கழித்தால் நிகர எடை. எல்லாம், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் சர்வர் ஒன்றில் ஓடுகிறது, தரவுத்தளம் எஸ்க்யூலைட்.

கணக்குப்பிள்ளை இரண்டு சீட்டுகளைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி மேசை டிராயரில் வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே எண். "தம்பி, மேடையில் ஒரு குறையும் இல்லை. எடையளவுக்காரர்கள் வந்து முத்திரை போட்டு அதிக நாள் ஆகவில்லை. ஒரே எண்ணில் இரண்டு சீட்டு எப்படி அச்சாகிறது என்று மட்டும் பாருங்கள்" என்றார்.

லாரியின் மொத்த எடை 15,860 கிலோ. காலி எடை 5,720. நிகரம் 10,140 வந்திருக்க வேண்டும். அதே எண்ணில் இருந்த டிராக்டர் முந்திக்கொண்டு நெல்லை இறக்கிவிட்டுக் காலியாக மேடை ஏறியது. அதன் காலி எடை 3,560. நிரல் அந்த எண்ணைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட வரிசையில், அதாவது லாரியின் கணக்கில், அதைக் கழித்துவிட்டது. லாரிக்கு நிகரம் 12,300 கிலோ. கூடுதலாக 2,160 கிலோ. நாற்பது கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் 54 சிப்பம். கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை.

நிரலைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. முன்பு எழுதிக்கொடுத்தவரின் நிரலைச் சுருக்கி, குறிச்சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

கான்ஸ்ட் கடைசி = அவெய்ட் கடைசிஎண்()
அவெய்ட் குறுஞ்செய்திஅனுப்பு(கடைசி + 1)
அவெய்ட் சீட்டைச்சேமி(கடைசி + 1)

கடைசி எண்ணைப் படிக்கிறது, விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது, பிறகுதான் சேமிக்கிறது. குறுஞ்செய்திச் சேவை பதில் சொல்ல ஒரு நொடி ஆகும், சிக்னல் சரியில்லாவிட்டால் நான்கைந்து நொடிகூட ஆகும். அந்த இடைவெளியில் வாய்க்கால் கரையிலிருந்து யாராவது பொத்தானை அழுத்தினால் அவருக்கும் அதே கடைசி எண்தான் கிடைக்கும். கேட் திறந்து வண்டிகள் மொத்தமாக வரும்போது இந்த இடைவெளிக்குள் இரண்டு பதிவுகள் விழுவது சாதாரணமாகிவிடுகிறது.

"ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில்தானே (த்ரெட்) ஓடுகிறது, பூட்டு கீட்டு எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஜாவாவிலோ சியிலோ இழைகள் எந்தக் கட்டளைக்கு நடுவிலும் நிறுத்தப்பட்டு வேறொன்று ஓடலாம். ஜாவாஸ்கிரிப்டில் அப்படி இல்லை. ஓடத் தொடங்கிய ஒரு துண்டு, தானாக நிற்கும்வரை வேறு எந்தத் துண்டும் நுழைய முடியாது. அது தானாக நிற்கும் இடம்தான் அவெய்ட். அங்கே, காத்திருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் ஈவென்ட் லூப்புக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது. காத்திருக்கும் வேறு யாரும் நுழையலாம். திரும்பி வரும்போது உலகம் மாறியிருக்கும், கையில் இருக்கும் மாறி மட்டும் பழையதாகவே இருக்கும். ஆகவே இந்த மாதிரி நிரல்களைப் படிக்கும்போது நான் அவெய்ட் உள்ள ஒவ்வொரு வரியின் கீழும் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு மேலே படித்த மதிப்பை நம்பிக் கோட்டுக்குக் கீழே எதையாவது எழுதினால் அது சந்தேகத்துக்குரிய இடம்.

கோடு போட்டாலும் கண்ணில் படாத ஒரு வடிவம் உண்டு. இதே நிரலில், நாளின் மொத்த வரவைக் கூட்டும் பகுதியில் இருந்தது:

மொத்தம் += அவெய்ட் நிகரஎடை(சீட்டு)

ஒரே வரி. பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இடப்பக்கத்து மதிப்பை முதலில் படித்துக் கையில் வைத்துக்கொண்டு, பிறகுதான் வலப்பக்கம் காத்திருக்கிறது. காத்திருந்த நேரத்தில் வேறொரு சீட்டு மொத்தத்தைக் கூட்டியிருந்தால், திரும்பி வந்ததும் இது பழைய மதிப்போடு கூட்டி அதன்மேல் எழுதிவிடும். இன்னொருவரின் நெல் காணாமல் போய்விடும். எடையை முதலில் தனி மாறியில் வாங்கிக்கொண்டு, அடுத்த வரியில் கூட்டினால் போதும். இரண்டுக்கும் நடுவில் அவெய்ட் இல்லாததால் யாரும் நுழைய முடியாது. நிரலைப் படித்துத் தவறுகளைச் சுட்டும் ஈஎஸ்லின்ட் கருவியில் இதைப் பிடிக்க ஒரு விதி இருக்கிறது. அது தேவையில்லாத இடத்திலும் கத்தும் என்பதால் பலர் அணைத்துவிடுகிறார்கள். கணக்கு வழக்கு எழுதும் கோப்புகளுக்கு மட்டுமாவது அதை விட்டுவைப்பது நல்லது.

திருத்துவதற்கு முன் கோளாறை வரவழைத்துப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் திருந்தியதா என்று எப்படித் தெரியும்? தரவுத்தளத்தின் நகல் ஒன்றை மடிக்கணினியில் வைத்து, குறுஞ்செய்திக்குப் பதிலாக 200 மில்லிநொடி சும்மா காத்திருக்கும் ஒரு போலிச் செயலியை (ஃபங்ஷன்) மாட்டினேன். நாற்பது பதிவுகளைப் பிராமிஸ்.ஆல் வழியாக ஒரே மூச்சில் அனுப்பினேன். நாற்பதுக்கும் ஒரே எண் வந்தது. ஆலையில் எப்போதாவது வரும் பிழை இங்கே நூற்றுக்கு நூறு. காத்திருப்பைச் செயற்கையாக நீட்டுவதுதான் இந்த வகைப் பிழைகளுக்கு நான் நம்பும் முதல் கருவி. பிறகு அதை, ஒவ்வொரு அவெய்ட்டுக்கும் 0 முதல் 50 மில்லிநொடி வரை ஏதோ ஓர் இடைவெளி தரும்படி மாற்றிச் சோதனைத் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டேன். ஓட்டத்துக்கு ஓட்டம் வரிசை மாறும். எண்கள் மட்டும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

எண் வழங்குவதற்குப் பூட்டு போடவில்லை

இதைக் கேட்டதும் பலரும் உடனே எழுதுவது நினைவகத்தில் ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. இங்கே அது உதவாது. ஆலையின் சர்வர், செயல்முறை மேலாளர் ஒன்றின்கீழ் இரண்டு தனித்தனிப் பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிரதியின் நினைவகத்தில் உள்ள பூட்டு மற்றதற்குத் தெரியாது. ஆகவே எண் எங்கே வசிக்கிறதோ அங்கேயே, தரவுத்தளத்திலேயே, தீர்த்துக்கொள்வதுதான் முறை.

பருவத்துக்கு ஒரு வரிசையாக எண்ணி (கவுன்டர்) அட்டவணை ஒன்று: குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று, தாளடிக்கு ஒன்று. எண்ணியைக் கூட்டி, கூட்டிய மதிப்பை அதே கட்டளையிலேயே திருப்பித் தரும் வசதி எஸ்க்யூலைட்டில் 2021-இல் வந்த 3.35 பதிப்பிலிருந்து இருக்கிறது. படித்தல், கூட்டல், எழுதுதல் மூன்றும் ஒரே கட்டளை. நடுவில் நுழைய இடமே இல்லை. போதாக்குறைக்கு, பருவமும் எண்ணும் சேர்ந்து இரட்டிக்கக் கூடாது என்று சீட்டு அட்டவணையில் ஒரு கட்டுப்பாடும் போட்டேன். நாளை வேறு யாராவது நிரலைக் கெடுத்தாலும் தவறான சீட்டு சேமிக்கப்படாமல் பிழையாவது காட்டும்.

எண்ணைக் கூட்டியபின் சீட்டைச் சேமிக்கும்போது பிழை வந்தால் ஓர் எண் விட்டுப்போகும். நிரலாளருக்கு அது பெரிய விஷயமில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். எனவே இரண்டையும், நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்னும்படி, ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்தேன். வைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு நடுவில் அவெய்ட் போட்டால், அதே தரவுத்தள இணைப்பைப் பயன்படுத்தும் வேறொரு கோரிக்கையின் கட்டளைகளும் உங்கள் டிரான்ஸாக்‌ஷனுக்குள் வந்து விழும். உங்களுக்குப் பிழை வந்து நீங்கள் ரத்து செய்தால் அவருடைய பதிவும் சேர்ந்து போய்விடும். ஆகவே எஸ்க்யூலைட்டை நேரடியாக, அவெய்ட் இல்லாமல் அழைக்கும் நூலகத்துக்கு மாறினேன். ஒரு சிறிய எழுத்துக்கு மில்லிநொடிக் கணக்கில்தான் நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்கு ஈவென்ட் லூப் நின்றால் ஓர் அரிசி ஆலைக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்று: டிரான்ஸாக்‌ஷனைச் சாதாரணமாகத் தொடங்கினால் எஸ்க்யூலைட் உடனே எழுத்துரிமை வாங்குவதில்லை. முதலில் படித்துவிட்டுப் பிறகு எழுதப் போனால், இடையில் மற்றப் பிரதி எழுதியிருந்தது என்றால், எவ்வளவு காத்திருக்கச் சொல்லி அமைத்திருந்தாலும், மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையில் அது உடனடியாக மறுத்துவிடும். தொடக்கத்திலேயே 'இம்மீடியட்' என்று கேட்டு வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

குறுஞ்செய்தியை முழுவதுமாக வெளியே தள்ளினேன். சீட்டோடு சேர்ந்து அதே டிரான்ஸாக்‌ஷனில் 'அனுப்ப வேண்டியவை' என்னும் அட்டவணையில் ஒரு வரி விழும். தனியாக ஓடும் ஒரு சுழல் அதை எடுத்து அனுப்பும். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் தேங்கியது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் சேவைக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் ஒரு நேரத்தில் ஐந்துக்கு மேல் இல்லை என்று ஒரு வரம்பு.

எடை மேடைக்குப் பூட்டு போட்டே ஆக வேண்டும்

மேடையின் காட்டி, சீரியல் கம்பி வழியாகச் சர்வரோடு பேசுகிறது. எடை கேட்டு ஒரு கட்டளை அனுப்பினால் ஒரு வரி பதில் வரும். வண்டி நின்ற புதிதில் எடை ஆடும். தொடர்ந்து சில வாசிப்புகள் ஒன்றாக இருந்தால்தான் நிலைத்த எடை. இதற்குச் சில நொடிகள் ஆகும். இந்த நேரத்தில் அலுவலகத்துத் திரையிலிருந்து இன்னொருவர் எடை கேட்டால், பதில் வரிகள் கலந்து யாருடையது யாருக்கு என்று தெரியாமல் போகும். இங்கே மெதுவான வேலையையே பூட்டுக்குள் வைத்தாக வேண்டும். கம்பி ஒன்றுதான், அதைப் பங்குபோட முடியாது. சீரியல் கம்பியை ஒரே ஒரு பிரதிதான் திறந்து வைத்திருக்கிறது என்பதால் நினைவகப் பூட்டே போதும்.

லெட் வால் = பிராமிஸ்.ரிசால்வ்()
ஃபங்ஷன் முறையாக(வேலை) {
  கான்ஸ்ட் என்முறை = வால்.தென்(வேலை)
  வால் = என்முறை.கேட்ச்(() => {})
  ரிட்டர்ன் என்முறை
}

ஒவ்வொருவரும் முந்தியவரின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முந்தியது முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். நான்காவது வரியில் உள்ள கேட்ச்தான் இதில் உயிர்நாடி. முறைப்பாசனத்தில் ஒருவர் தன் மடையை அடைக்காமல் போய்விட்டால் கடைமடைக்காரர் வரை எல்லோரும் காய வேண்டியதுதான். அதுபோல ஒரு வேலை பிழையில் முடிந்து அந்தப் பிழை வாலில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் எந்த வேலையும் தொடங்காமலே பிழையாகிக்கொண்டிருக்கும். ஆகவே வாலுக்குப் பிழையை விழுங்குகிறோம்; கேட்டவருக்கு மட்டும் அதை உள்ளபடி தருகிறோம்.

பிழை வந்தால் இப்படிச் சமாளிக்கலாம். பிழையும் வராமல் பதிலும் வராமல் இருந்தால்? எலி கடித்த கம்பி அதைத்தான் செய்யும். காலக்கெடு வேண்டும். பிராமிஸ்.ரேஸ் போட்டுப் பத்து நொடியில் கைவிடலாம் என்றால், அது காத்திருப்பதை மட்டும்தான் கைவிடுகிறது. அடியில் ஓடும் வாசிப்பு ஓடிக்கொண்டே இருந்து, அடுத்தவருக்கு வர வேண்டிய வரியை எடுத்துவிடும். அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு வாசிப்பையே நிறுத்தி, பஃபரில் (இடைநினைவகத்தில்) தேங்கிய எழுத்துகளைக் கொட்டிவிட்ட பிறகுதான் பூட்டை விட வேண்டும். இந்தப் பகுதி எழுதி முடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. மேலே உள்ள அழகான அந்தச் சில வரிகள் கால் பங்கு வேலைதான்.

பூட்டு ஒன்றாக இருந்தவரை அமைதி. சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு சேர்த்ததும் டெட்லாக் வந்துவிட்டது. சீட்டை முடிக்கும் செயலி முதலில் சீட்டுப் பூட்டையும் பிறகு மேடைப் பூட்டையும் எடுக்கிறது. பழைய நிரலில் இருந்த 'மறு எடை' பொத்தானோ முதலில் மேடை, பிறகு சீட்டு. ஒரே வண்டிக்கு இரண்டையும் இரண்டு பேர் அழுத்தினால் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதுக்காகக் காத்திருப்பார்கள். 1971-இல் காஃப்மேன் முதலியோர் எழுதிய நான்கு நிபந்தனைகளில் ஒன்றான வட்டக் காத்திருப்பு இதுதான். ஜாவாஸ்கிரிப்டில் இது வரும்போது வேறுவிதமாக ஏமாற்றும்: சிபியூ சும்மா இருக்கும், பிழைச் செய்தி இருக்காது, மற்ற பக்கங்கள் எல்லாம் வழக்கம்போல் திறக்கும். எடை மட்டும் வராது. பூட்டுக்கு ஒரு பெயரும், யார் பிடித்திருக்கிறார், எப்போதிலிருந்து என்ற குறிப்பும் சேர்த்து, பத்து நொடிக்கு மேல் காத்திருந்தால் பதிவுக் கோப்பில் எழுதவைத்தேன். இரண்டு வரிகளில் பிடிபட்டது. எப்போதும் சீட்டு முதலில், மேடை பிறகு என்று வரிசையை நிலைப்படுத்தியதோடு தீர்ந்தது. பூட்டைப் பிடித்துக்கொண்டே அதே பூட்டைக் கேட்கும் செயலியை அழைத்தாலும் இதே கதிதான். தன்னை முடிக்கத் தானே காத்திருக்கும்.

டேப்லெட் பக்கத்தில் ஒரு சின்ன வேலை. பதில் வரத் தாமதமானால் வாசல்காரர் பொத்தானை மறுபடி அழுத்துகிறார். சில நேரம் ஒரே பக்கத்தை இரண்டு தாவல்களில் திறந்து வைத்திருக்கிறார். தாவல்களுக்கு இடையே பூட்டு போட வெப் லாக்ஸ் என்ற வசதி 2022 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் இருக்கிறது. பிடித்திருந்த தாவலை மூடினால் பூட்டு தானே விடுபட்டுவிடும். போட்டுப் பார்த்தால் அந்தப் பொருளே இல்லை என்கிறது உலாவி. காரணம், ஆலைக்குள் 192.168 என்று தொடங்கும் முகவரியில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கிறார்கள். பாதுகாப்பான இணைப்பில்தான் அந்த வசதி தென்படும். தனிக்குறி உருவாக்கும் ரேண்டம்யூயூஐடிக்கும் அதே நிபந்தனை. கெட்ரேண்டம்வேல்யூஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை வைத்துப் படிவம் திறக்கும்போதே ஒரு தனிக்குறி உண்டாக்கி, சேமிக்கும்போது கூடவே அனுப்பினேன். அதே குறி மறுபடி வந்தால் சர்வர் புதிய சீட்டு போடாமல் பழைய சீட்டையே திருப்பித் தரும். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு சீட்டுதான்.

உண்மையான இழைகள்: குருணை எண்ணுதல்

இதுவரை இழை ஒன்றுதான். ஆலையின் இன்னொரு வேலைக்குத்தான் பல இழைகள் வேண்டியிருந்தன. அரைத்த அரிசியின் மாதிரியைச் சாதாரண ஸ்கேனரில் பரப்பி, கறுப்புத் துணியால் மூடிப் படமெடுத்து, குருணை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். முழு மணியின் நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்ததைக் குருணையாக எடுத்துக்கொள்வது வழக்கம். ரகத்துக்கு ரகம் முழு நீளம் வேறு: சி.ஆர். 1009 குட்டையும் தடிப்பும். ஆடுதுறை 43 சன்னம். அளவுகோல் ரகத்தோடு சேர்ந்து வர வேண்டும்.

ஏ4 தாளை 600 டிபிஐயில் எடுத்தால் 4,960க்கு 7,016 புள்ளிகள். சாம்பல் நிறப் படமாக 35 எம்பி அளவு. ஒரு மில்லிமீட்டருக்கு 23.6 புள்ளி, ஐந்தரை மில்லிமீட்டர் மணி 130 புள்ளி நீளம். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து மணிகளைப் பிரிக்கும் சுழல் முதன்மை இழையில் ஓடியதால், அது முடியும்வரை எடைத் திரை உறைந்துவிடும். அந்தச் செயலியின் தலையில் ஏற்கெனவே 'அசிங்க்' என்று எழுதியிருந்தது. அதை எழுதியதால் எதுவும் வேறு இழைக்குப் போய்விடாது. காத்திருக்கும் வேலைக்குத்தான் அசிங்க். கணக்குப்போடும் வேலைக்கு ஒர்க்கர் இழைதான் வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸில் அது 2018-இல் 10.5 பதிப்பில் சோதனையாக வந்து, 12 வரிசையில் நிலைபெற்றது.

ஆலைக் கணினியில் நான்கு கோர்கள். ஒன்றை முதன்மை இழைக்கு விட்டுவிட்டு மூன்று ஒர்க்கர்கள். படத்தைச் செய்தியாக அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் 35 எம்பி நகலெடுக்கும். கைமாற்றிக் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவரிடம் அந்தப் பஃபரின் நீளம் சுழியமாகிவிடும், ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். மூவரும் ஒரே படத்தைப் பார்க்க, இழைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமான ஷேர்டுஅரேபஃபர் வேண்டும். அவெய்ட்டோடு சேர்ந்து 2017 தரநிலையில் வந்த வசதி இது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் சிபியூ பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் உலாவிகள் அதை மூடிவிட்டன. இப்போது பக்கத்தைத் தனிமைப்படுத்தும் இரண்டு தலைப்புகளை (ஹெடர்) சர்வர் அனுப்பினால்தான் உலாவியில் கிடைக்கும். நோட்டில் அந்தக் கெடுபிடி இல்லை.

இங்கே வந்ததும் முன்பு சொன்ன பாதுகாப்பு போய்விடுகிறது. பகிர்ந்த நினைவகத்தில் 'ஒன்று கூட்டு' என்பது படித்தல், கூட்டல், எழுதுதல் என்று மூன்றாக உடையும். நடுவில் அவெய்ட் இல்லாமலே மற்ற இழை புகும். நம்பாதவர்கள் நான்கு ஒர்க்கர்களை விட்டு ஒரே கட்டத்தை ஆளுக்குப் பத்து லட்சம் தடவை கூட்டச் சொல்லிப் பார்க்கலாம். நாற்பது லட்சம் வராது. ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு எண் வரும், எப்போதும் குறைவாக. மூன்றையும் உடையாத ஒரே செயலாகச் செய்யும் அட்டாமிக்ஸ்.ஆட் போட்டால் சரியாக நாற்பது லட்சம்.

படத்தை 256 வரி கொண்ட 28 பட்டைகளாகப் பிரித்தேன். அடுத்த பட்டை எது என்பது பகிர்ந்த நினைவகத்தில் ஓர் எண். ஒவ்வொரு ஒர்க்கரும் அட்டாமிக்ஸ்.ஆட் கொண்டு அதைக் கூட்டி, திரும்பி வரும் பழைய மதிப்பைத் தன் பட்டையாக எடுத்துக்கொள்ளும். மணி நிறைந்த பட்டைக்கு நேரம் அதிகம், வெறும் பட்டைக்குக் குறைவு; முன்கூட்டிப் பங்கு பிரிக்காததால் யாரும் சும்மா இருப்பதில்லை.

எல்லைக் கோட்டில் பாதி இங்கே பாதி அங்கே கிடக்கும் மணிகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்து, அதற்கு மியூடெக்ஸ் எழுதினேன். மூன்று நிலை: 0 திறந்தது, 1 பூட்டியது, 2 பூட்டியது, காத்திருப்பவரும் உண்டு. எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்றும் கம்பேர்எக்ஸ்சேஞ்ச் கொண்டு 0-வை 1 ஆக்க முயல வேண்டும். முடியாவிட்டால் 2 ஆக்கிவிட்டு அட்டாமிக்ஸ்.வெய்ட்டில் தூங்க வேண்டும். வெய்ட்டுக்கு எதிர்பார்க்கும் மதிப்பையும் சேர்த்துத் தர வேண்டியிருப்பது வெறும் சடங்கு அல்ல. 'பூட்டியிருக்கிறது' என்று பார்த்ததற்கும் தூங்கப்போவதற்கும் நடுவில் மற்றவர் பூட்டைத் திறந்து, எழுப்பும் குரலும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. மதிப்பு 2 இல்லை என்று கண்டால் வெய்ட் தூங்காமல் 'நாட்-ஈக்வல்' என்று உடனே திரும்பிவிடுகிறது. இது இல்லாவிட்டால் எழுப்ப ஆளில்லாத தூக்கம்தான்.

உலாவியின் முதன்மை இழையில் வெய்ட் அனுமதி இல்லை, பிழை தரும். நோட்டில் அனுமதி உண்டு, அதுவே வம்பு. சோதனையின்போது முதன்மை இழையை வெய்ட்டில் நிறுத்திவிட்டு ஒர்க்கர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வரிகூட அச்சாகாது. ஒர்க்கரின் கன்சோல் வரிகள் முதன்மை இழை வழியாகத்தான் வெளியே வருகின்றன; அது தூங்கும்போது அவர்கள் ஓடினாலும் ஊமைகள்தான்.

மியூடெக்ஸ் சரியாகவே வேலை செய்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன். பூட்டைப் பிடித்திருக்கும் ஒர்க்கரை நிறுத்தினால் பூட்டை விடுவிக்க யாரும் இல்லை. பஃபரையே தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதைவிட, ஒவ்வொரு ஒர்க்கரும் தன் எல்லை மணிகளையும் தன் நீள எண்ணிக்கையையும் தனியே வைத்திருந்து, முடிந்ததும் ஒரு செய்தியாக அனுப்பினால் போதும். சில நூறு எண்கள்தான். நகலெடுக்கும் செலவு பொருட்டே இல்லை. முதன்மை இழை துண்டுகளை இணைத்து மொத்தம் போடும். பகிர்ந்த நினைவகத்தில் இப்போது மிச்சம் இருப்பவை படமும் அடுத்த பட்டை எண்ணும் மட்டும். படத்தில் யாரும் எழுதுவதில்லை.

போகிற போக்கில் ஒன்று. ஸ்கேன் படங்களைச் சுருக்கிச் சேமிக்கும்போது குறுஞ்செய்திகள் தாமதமாயின. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நோட்டின் அடியில் உள்ள லிப்யூவி என்னும் நூலகத்தில் இயல்பாக நான்கு இழைகள் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. கோப்பு வேலை, சுருக்குதல், சில குறியாக்க வேலைகள், முகவரி தேடும் டிஎன்எஸ் லுக்கப் எல்லாம் அந்த நான்கிலேயே. நான்கும் சுருக்குவதில் மூழ்கினால் குறுஞ்செய்திச் சேவையின் முகவரியைத் தேட ஆளில்லை. ஒரே நேரத்தில் இரண்டு படத்துக்கு மேல் சுருக்காதே என்று வரம்பு வைத்ததில் சரியானது.

இப்போது சீட்டு எண் மோதுவதில்லை. ஸ்கேன் ஓடும்போதும் எடைத் திரை உறைவதில்லை. பாக்கி இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் மணிகள். இரண்டு குருணை சேர்ந்து ஒரு முழு மணியாக எண்ணப்பட்டுவிடுகிறது. அதற்கும் இழைகளுக்கும் சம்பந்தமில்லை. நீளத்தோடு அகலத்தையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். குறுவை அரவை தொடங்குவதற்குள் அதை முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை ஸ்கேனர் கண்ணாடியைத் தட்டி மணிகளைப் பிரித்து விடும் வேலை ஆலைப் பையனுடையது.